விரிசல் ஒன்று, ஒழுகல் இரண்டு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சார்ஜ் ஒப்படைக்க ஆரம்பித்தோம். பத்து மணிக்குள் நாற்பது அயிட்டம் முடிந்துவிட்டது. தொங்குவிளக்கு ஒன்பது, இருந்தது. புத்தகம் வைத்துப் படிக்கும் சாய்வு மேசை ஒன்று, இருந்தது. பரணில் கிடந்த சாக்குப்பை நாலுகூட எலி ஒரு நூல் இழுக்காமல் மடித்தது மடித்தபடி இருந்தது. இந்த வேகத்தில் போனால் மத்தியானம் கையெழுத்து, சாயங்காலம் மூட்டை கட்டுவது என்று மனசுக்குள் திட்டம் போட்டேன். நான் போட்ட திட்டம் என்றைக்குப் பலித்திருக்கிறது, அன்றைக்குப் பலிக்க!

“நாற்பத்தொண்ணு,” என்று பதிவேட்டைப் பார்த்துப் படித்தார் செயலாளர். “விரிசல், ஒன்று. மேற்குச் சுவர். நீளம் நாலு அடி ஏழு அங்குலம்.”

அவர், நான், என் இடத்துக்கு வருகிறவர், மூன்று பேரும் மேற்குச் சுவரைப் பார்த்தோம். சுண்ணாம்பு அடித்து, மழமழவென்று, ஒரு கீறல் இல்லாமல் நின்றது சுவர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“காணோமே,” என்றார் செயலாளர்.

“அதைப் பூசியாச்சே சார். பதினாறு வருஷமாச்சு.”

“பூசினா?”

“பூசினா போயிடும்.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அந்தப் பேனா எழுதாமல் உள்ளே போகிறதென்றால் விஷயம் பெரிது என்று இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியும்.

நான் இந்த வழிபாட்டுக் கூடத்தின் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டுவது, துடைப்பது, விளக்கைத் துலக்குவது, கதவைத் திறப்பது, பூட்டுவது. கூட்டம் கலைந்த பிறகு மறந்துவிட்டுப் போன குடைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பதில் சொல்வது. கூடத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு அறை. புருஷன் செத்து மூன்றாம் மாதம், நாலு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் வந்தவள், இப்போது ஐம்பத்தெட்டு வயதில் வெளியே வரப் பார்க்கிறேன்.

காரணம் அந்தப் பெண்தான். ஏழு மணி நேரப் பஸ் பயணத்தில் வேறொரு ஊரில் இருக்கிறாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம், ரத்தக் கொதிப்பு எகிறிக்கிடக்கிறது. கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தங்கமான பையன், லீவு போட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையோடு அவருடைய லீவு முடிகிறது. சனிக்கிழமைப் பஸ்ஸில் நான் ஏறியே ஆக வேண்டும்.

போட்டது போட்டபடி கிளம்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. எங்கள் கூடத்துக்கு ஒரு விதி உண்டு: பெற்றுக்கொண்டபடியே ஒப்படைக்க வேண்டும். ஆதியில் யாரோ ஒரு பொறுப்பாளர் வாசல் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். அதிலிருந்து வந்த விதி. புதியவர் கையெழுத்துப் போடாமல் பழையவர் வெளியேறினால் கூடத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். தினம் காலையில் வரும் நாற்பது பேரும் தெருவில் நின்று கும்பிட வேண்டும். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு பேரப்பிள்ளை முகத்தில் விழிக்க நான் தயாராக இல்லை. மடியில் கனமில்லாதவள், வழியில் ஏன் பயப்பட வேண்டும் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு.

செயலாளர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டேப்பு. கல்யாணத்துக்குப் போனால் பந்தலை அளப்பார் என்று கேலி பேசுவார்கள். நான் வந்த அன்று பட்டியல் எழுதியவரும் அவர்தான். அப்போது விரிசலையும் ஒழுகலையும்கூட வரிசை எண் போட்டு எழுதினார். “உங்க நல்லதுக்குத்தாம்மா எழுதறேன். நாளைக்கு ஒருத்தன் வந்து, இந்த விரிசலை நீங்கதான் பண்ணீங்கன்னு சொல்லிடக் கூடாது பாருங்க,” என்றார். எனக்காக யோசிக்க ஒரு ஆள் இருக்கிறாரே என்று அன்றைக்குக் கண் கலங்கியது. படிக்காமலே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

என் இடத்துக்கு வருகிறவர் கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸில் தலை எண்ணியவர். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதவர். நல்ல மனுஷன்தான். அந்த மாதிரி நல்ல மனுஷன்தான் நமக்கு வேண்டிய நேரத்தில் எமனாக வந்து நிற்பான்.

“விரிசலைக் காட்டினா வாங்கிக்கறேங்க்கா,” என்றார். “எனக்கென்ன கசக்குதா?”

நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பது வரை அத்தனையும் அப்படித்தான் இருந்தது. ஒழுகல் இரண்டு: இல்லை. ஆடும் பெஞ்சு ஒன்று: இப்போது ஆடாது. கிறீச்சிடும் கதவு ஒன்று: எண்ணெய் போட்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த ஒவ்வொன்றும் அந்தப் பதிவேட்டின்படி நான் தொலைத்த பொருள்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு கூடியது. தலைவர் டயர்க்கடை வைத்திருப்பவர். யார் என்ன சொன்னாலும் “அப்படியா? அப்போ சரி,” என்பார்; அதனாலேயே பதினோரு வருஷமாகத் தலைவர். உறுப்பினர்கள் நாலு பேர். என்னை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

“அந்த விரிசலை யாருக்காவது குடுத்துட்டீங்களா?” என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர்.

“விரிசலை யாருங்க வாங்குவான்?”

“அது எங்களுக்கு எப்படித் தெரியும்? பொறுப்புல இருந்தது நீங்க.”

சாட்சிக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் சுவரைப் பூசிக்கொடுத்தவர். இத்தனை பேர் முன்னால் தன் வேலையைப் பற்றிப் பேசுவது இதுதான் முதல் தடவை என்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“விரிசல் எங்கயும் போகலீங்க. உள்ளதான் இருக்கு. நான் மேல பூசினதோட சரி.”

“அப்படியா? அப்போ சரி,” என்றார் தலைவர். “இருக்குன்னு எழுதிடுங்க.”

எனக்கு உயிர் வந்தது. போன உயிரைத் திரும்ப அனுப்பிவைத்தார் கண்டக்டர். “பார்க்காததுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? சீட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிறவனுக்கு டிக்கெட் கிழிக்க முடியுமா?”

“அப்படியா? அப்போ அதுவும் சரிதான்.”

பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமே என்று கேட்டேன். நீக்குவதற்குப் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழு எட்டு மாதம் கழித்துக் கூடும். நான் எழுந்து நின்றேன். “சார், நான் கெடுத்தது எதுவுமே இல்லையே. எல்லாத்தையும் நல்லாத்தானே ஆக்கி வெச்சிருக்கேன்?”

செயலாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான். “நல்லா ஆக்கச் சொல்லி எங்கயும் எழுதலையேம்மா. பத்திரமா வெச்சிருக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கு.”

“இப்போ நான் என்னதான் பண்ணணும்?”

“இருந்தபடியே வெச்சுடுங்க.”

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

புதன்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் கொத்தனார் உளியோடு வந்தார். சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். “அக்கா, என் வாழ்க்கையிலேயே விரிசல் விடாத பூச்சு இது ஒண்ணுதான். இதையும் உடைக்கச் சொல்றீங்களே,” என்றார். என்ன சொல்வது? டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி அடித்தார். சுவர் அசையவில்லை. அவ்வளவு நல்ல வேலை. பதினொரு மணிவரை நானும் அவரும் மாறி மாறி அடித்தோம். திடீரென்று மேலிருந்து கீழாகச் சரசரவென்று ஓடியது விரிசல்.

செயலாளர் டேப்பை இழுத்தார். “அஞ்சு அடி ரெண்டு அங்குலம். ஏழு அங்குலம் கூடுதலா இருக்கு.”

“போனா போகுது, வெச்சுக்கோங்க.”

“கூடுதலா வந்தா நன்கொடைன்னு எழுதணும். நன்கொடைன்னா குழு ஏத்துக்கணும். குழு மறுபடி அடுத்த மாசந்தான் கூடும்.”

ஏழு அங்குலத்தைத் திரும்பப் பூசினோம். பூசும்போது கொத்தனார் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, பாவம். கண்டக்டர் வந்து விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, “நல்லாருக்கு,” என்றார்.

வியாழக்கிழமை கூரை. ஒழுகல் இரண்டில் ஒன்று முன்வரிசையில் மூன்றாவது பெஞ்சின் மேல். மற்றது பின்சுவர் ஓரம், எங்கள் அறைக்கு ஒட்டினாற்போல். ஓடுகளை எடுப்பது பெரிய வேலையில்லை. ஆனால் ஒழுகுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் கண்டக்டர். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கடைசியில் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டோம். லாரிக்காரன் கூரை மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு, “எதுக்குங்க?” என்று கேட்டான். “ஒழுகுதான்னு பார்க்க.” “ஒழுகினா?” “சந்தோஷப்படுவோம்.” அவன் குழாயைத் திறந்துவிட்டான்.

முதல் தடவை நாலாவது பெஞ்சில் சொட்டியது. செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். ஓடுகளை ஒரு சாண் நகர்த்தினோம். இரண்டாவது தடவை மூன்றாவது பெஞ்சில், நட்டநடுவில், சொட். கீழே நின்ற எல்லாருமே கை தட்டிவிட்டார்கள். அன்று சாயங்கால வழிபாட்டுக்கு வந்த ரிட்டயர்டு டீச்சர் வழக்கம்போல் மூன்றாவது பெஞ்சில் உட்காரப் போனார். “அங்க உட்காராதீங்கம்மா, அது கூடத்துச் சொத்து,” என்று மருந்துக்கடைக்காரர் தடுத்தார். டீச்சர் குடையை விரித்துக்கொண்டு நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில்தான் பெண் போன் பண்ணினாள்.

“கால் ரொம்ப வீங்கிடுச்சும்மா. தலை வேற வலிக்குது. சனிக்கிழமை வந்துடுவேல்ல?”

“வந்துடுவேன்டி கண்ணு.”

“அங்க என்ன இவ்ளோ சத்தம்?”

“கூரையைப் பிரிக்கிறோம்.”

“எதுக்கு?”

“ஒழுகறதுக்கு.”

“அம்மா, உனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்றாள்.

என் உடம்புக்கு என்ன? போனை வைத்துவிட்டுப் பின்சுவர் ஓரம் போய் நின்றேன். அந்த இரண்டாவது ஒழுகலின் தண்ணீர் சுவரில் கோடாக வழிந்து எங்கள் அறைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் நானே ஏணி வைத்து ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாற்றின ஓடு அது. என் கையாலேயே எடுத்தாயிற்று. அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நின்ற இடத்திலேயே அழுதேன். லாரிக்காரன்தான் இறங்கிவந்து ஆறுதல் சொன்னான்: “விடுங்கம்மா, நல்லா ஒழுகுது.”

வெள்ளிக்கிழமை காலை ஆடும் பெஞ்சு. தச்சர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, “எவ்வளவு ஆடணும்?” என்றார். பதிவேட்டில் ‘சிறிது ஆடும்’ என்றுதான் இருந்தது. ஒரு கால் நுனியைச் சீவினார். தலைவர் உட்கார்ந்து பார்த்து, “ஆடுது,” என்றார். மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்து, “ஆடல,” என்றார். தலைவர் எடை அப்படி. கடைசியில் நடுத்தர எடையுள்ள ஒரு ஆளைத் தெருவிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் ஏதோ சாப்பாடு போடப்போகிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்து, வெகுநேரம் கழித்து எழுந்து போனார்.

கதவு கடைசிவரை அடம்பிடித்தது. கீலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மண்ணெண்ணெயில் துடைத்தேன், மணலைக்கூடப் போட்டேன். திறந்து மூடி, திறந்து மூடி என் தோள்பட்டைதான் கிறீச்சிட்டது. நாற்பதாவது தடவையோ என்னவோ, ஒரு முனகல் வந்தது. செயலாளர் காதை வைத்துக் கேட்டார். “இதான். இதே சத்தந்தான்,” என்று டிக் போட்டார்.

ஐம்பத்தொன்று: பல்லி, ஒன்று, கடிகாரத்துக்குப் பின்னால். டார்ச் அடித்துப் பார்த்தோம். கடவுள் புண்ணியத்தில் ஒன்று இருந்தது.

“அதே பல்லியா?” என்றார் கண்டக்டர்.

“பெயர் குறிப்பிடலை,” என்று செயலாளர் டிக் போட்டார்.

மணி மூன்று. நாளைக்குப் பத்து மணிக்குப் பஸ். கையெழுத்துப் போடும் இடம் எங்கே என்று நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். செயலாளர் பக்கத்தைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அவர் படிக்கவில்லை. கண்டக்டர்தான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்தார்.

“ஐம்பத்திரண்டு. குழந்தை, பெண், ஒன்று. வயது நாலு. மூச்சிரைப்பு உண்டு.”

படித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்.

எனக்கு அந்த நாள் முழுசாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு இருந்த குழுவில், அறையில் பொறுப்பாளர் மட்டும்தான் தங்கலாம், பிள்ளைகுட்டியெல்லாம் கூடாது என்று ஒருவர் குதித்தார். கூடத்துச் சொத்து தவிர வேறு எதுவும் இரவில் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. செயலாளர் என் இடுப்பில் இருந்த குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார். “குழந்தை பட்டியல்ல இருக்குங்க. வெளிய அனுப்ப முடியாது,” என்றார். குதித்தவர் உட்கார்ந்துவிட்டார். நான் அதைச் சும்மா ஒரு சமாளிப்பு என்று நினைத்தேன். மனுஷன் நிஜமாகவே எழுதியிருக்கிறார்!

“குழந்தை காணாமப் போயிடுச்சா?” என்று தலைவர் பதறினார். “இதை ஏன் திங்கக்கிழமையே சொல்லல?”

“காணாமல்லாம் போகலீங்க. வளர்ந்துட்டா. கல்யாணம் பண்ணிக்குடுத்தாச்சு. நீங்கதான் பந்தியில ரெண்டு தடவை உட்கார்ந்தீங்க.”

“அப்படியா? அப்போ சரி.”

“சரியில்லீங்க,” என்றார் கண்டக்டர். “வெளிய குடுத்திருக்காங்க. யாரைக் கேட்டுக் குடுத்தாங்க? ஆளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க, நான் வாங்கிக்கறேன்.”

“அவ படுத்த படுக்கையா இருக்கா. ஏழு மாசம்.”

மருந்துக்கடைக்காரர் விரலைத் தூக்கினார். “அப்போ கூடுதலா வருமே. ஒண்ணுன்னுதானே இருக்கு?”

இதுவரைக்கும் பொறுத்தேன். சுவரை உடைத்தபோது பொறுத்தேன், கூரையைப் பிரித்தபோது பொறுத்தேன். வாய்தான் என் சொத்து, அதையும் ஐந்து நாளாகப் பூட்டி வைத்திருந்தேன். பூட்டு தெறித்துவிட்டது.

“அந்த மூச்சிரைப்பு எதனால அதிகமாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? உங்க நாற்பத்திரண்டாவது அயிட்டத்தால! அந்த ஒழுகல் இறங்கி எங்க சுவரு பூரா ஈரம். குழந்தை படுத்தா மூச்சு விட முடியாம உட்கார்ந்தே தூங்கும். ஈரம் போகலைன்னா பிள்ளை தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்குத்தான் ஏணி வெச்சு ஏறினேன். எல்லாரும் என்ன சொன்னீங்க? ‘என்ன பக்தி, என்ன பக்தி, கடவுள் தலையில தண்ணி சொட்டக் கூடாதுன்னு ஒரு பொம்பளை கூரை ஏறியிருக்கா’ன்னு மாலை போட்டீங்க. நானும் ஆமா ஆமான்னு கழுத்தை நீட்டினேன். பொய்யி. கடவுளுக்காக ஒண்ணும் ஏறல. அவளுக்காக ஏறினேன். அப்புறம் ஏறின பழக்கத்துல மிச்சத்தையும் பார்த்தேன். விரிசலைக் கேட்டீங்க, குடுத்துட்டேன். ஒழுகலைக் கேட்டீங்க, ரெண்டையும் குடுத்துட்டேன். இவளை மட்டும் குடுக்க மாட்டேன். கணக்குக்கு மூச்சிரைப்போட ஒரு ஆள் வேணும்னா, இதோ நான் நிக்கறேன், என்னை எழுதிக்கோங்க!”

நிஜமாகவே எனக்கு மூச்சிரைத்தது. கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் பேனாவைக் கையில் வாங்கவில்லை. போச்சு, சனிக்கிழமைப் பஸ் போச்சு என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார். அவள் தனியாகக் கிடப்பாள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மேசையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.

“விதி பத்தொன்பது,” என்று உரக்கப் படித்தார். “பட்டியலில் உள்ள பொருள் ஏதேனும் கூடத்தில் காணப்படாவிட்டால், அதைக் கடைசியாகப் பெற்றுக்கொண்ட பொறுப்பாளரே நேரில் சென்று தேட வேண்டும். தேடச் செல்லும் முன், மற்றப் பொருள்கள் அனைத்தும் புதியவரைச் சேரும். தேடுவதற்குக் கால வரையறை இல்லை.”

நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். புத்தகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் விதி பத்தொன்பது இருந்தது உண்மை. ஆனால் அது விளக்கு அணைக்கும் நேரத்தைப் பற்றியது. இரண்டே வரி. ஒரு எழுத்துப் பிசகினாலும் ஊரைக் கூட்டுகிற மனுஷன், இல்லாத விதியைத் தங்குதடையில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்படியா?” என்றார் தலைவர். “அப்போ சரி.”

“காட்டுங்க பார்ப்போம்,” என்று கை நீட்டினார் கண்டக்டர்.

செயலாளர் புத்தகத்தை மூடினார். “இது அம்பத்தஞ்சாவது அயிட்டம். இன்னும் அதுக்கு நீங்க கையெழுத்துப் போடல. போட்டுட்டு எவ்வளவு வேணும்னாலும் பாருங்க.”

கண்டக்டர் யோசித்தார். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு நியாயத்தை அவர் எந்தப் பயணியிடமும் கேட்டிருக்க மாட்டார். அதற்குள் செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

“எங்க தேடலாம்னு ஏதாவது தோணுதாம்மா?”

“தோணுது சார். ஏழு மணி நேரப் பஸ்ஸு.”

“எப்போ கிளம்பறதா உத்தேசம்?”

“நாளைக்குப் பத்து மணிக்கு.”

“விவரம் எப்போ தெரியும்?”

“ரெண்டு மாசத்துல கொஞ்சம் தெரிஞ்சிடும்.”

அதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டார். ஐம்பத்திரண்டுக்கு நேரே ‘தேடப்படுகிறது’ என்று போட்டார். மிச்சம் இருந்த மூன்று அயிட்டம் சாவிக்கொத்து, பதிவேடு, விதிப்புத்தகம். அவையும் ஒரு நிமிஷத்தில் முடிந்தன. கண்டக்டர் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு புத்தகத்தைத்தான் எடுப்பார் என்று பயந்தேன். அவர் எடுக்கவில்லை. மேற்குச் சுவருக்குப் போய், விரிசலைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வந்தார். “கவலைப்படாமப் போங்கக்கா. ஒரு சொட்டு ஒழுகல் குறையாமப் பார்த்துக்கறேன்,” என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். நானும் மனப்பூர்வமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குச் செயலாளர் வந்தார். கையில் ஒரு காகிதம், கூடத்து முத்திரை குத்தியது. மேற்படி பொறுப்பாளர் ஐம்பத்திரண்டாவது பொருளைத் தேடிச் செல்கிறார், வழியில் அனைவரும் உதவ வேண்டும் என்று எழுதியிருந்தது. எந்தக் கண்டக்டரிடம் இதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை எண்ணினேன். அவரும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். செயலாளர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குழுவில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஜன்னலுக்குக் கிட்டே வந்தார்.

“நிதானமாத் தேடுங்கம்மா,” என்றார். “கிடைச்சாலும் உடனே எழுதிப் போட்டுடாதீங்க.”